சம்லி: ஒரு குடும்பப் பெயரும் ஐந்து ஊமை எழுத்துகளும்

சம்லி என்பது இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், மால்பஸ் அருகேயுள்ள ஒரு சிற்றூரின் பெயர். அவ்வூரை ஆண்ட குடும்பத்தின் பெயரும் அதுவே. ஆங்கிலத்தில் இதை எழுத 12 எழுத்துகள் வேண்டும். எழுத்தை நம்பி வாசிப்பவர் ‘சோல்மோண்டிலி’ என்பார். வெளியூர்க்காரர் என்பது அப்போதே தெரிந்துவிடும். முதல் எழுத்து ‘சட்டை’யில் போல மெலியாமல், ‘பச்சை’யின் சகரம் போல அழுந்த வேண்டும்.

1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டில் இவ்வூர் ‘கல்முண்டெலெய்’ என்று காணப்படுகிறது. சியோல்முண்ட் என்பவன் காடு திருத்திய வெளி என்பது பொருள். பழைய ஆங்கிலத்தில் ‘சியோல்’ கப்பல், ‘முண்ட்’ காவல். கடலில்லாத ஊருக்குக் கப்பல் காவலன் எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. அக்காலத்தில் இரண்டு நல்ல சொற்களைச் சேர்த்தால் பிள்ளைக்குப் பெயர் ஆயிற்று. பொருத்தம் பார்க்கும் வழக்கமில்லை.

12 எழுத்துகளில் உழைப்பவை 7, ஊமைகள் 5. ஊமைகளுள் முதலாவதான ‘எல்’லைக் குறை சொல்வதற்கில்லை. மகரத்துக்கு முன் அது வாயடைத்துப் போவது ஆங்கிலத்தில் சகஜம். ஷெர்லாக் ஹோம்ஸின் பெயரிலும் ஓர் ‘எல்’ அப்படிக் காணாமல் போயிருக்கிறது, அவர் துப்பறியவில்லை. நடுவிலுள்ள ‘ஓ, என், டி, ஈ’ நான்கும் அழுத்தத்துக்குப் பலியானவை. முதல் அசையை ஓங்கிச் சொல்லும் மொழியில் அடுத்துவரும் அசைகள் நசுங்கும்.

தமிழ் இலக்கணம் இதை மரூஉ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். ஆனால் தஞ்சாவூரைத் தஞ்சை ஆக்கியவர்கள் எழுத்தையும் சேர்த்தே குறைத்தார்கள். சம்லி குடும்பம் ஒலியைக் கைவிட்டு, எழுத்தைப் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொண்டது. சொத்துக்குப் பஞ்சமில்லாத குடும்பம்தான்: பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போல் கட்டிய ஹௌட்டன் மாளிகை 1797இல் இவர்களிடம் வந்தது, 1815இல் மார்க்விஸ் பட்டமும் வந்தது. ஐந்து எழுத்துகளைச் சும்மா உட்காரவைத்துச் சோறு போட வசதி உண்டு.

சிக்கனக்காரர்களும் இருந்தார்கள். 1565இல் லண்டன் ஹைகேட் பள்ளியை நிறுவிய சர் ரோஜர் சம்லியின் பெயர் 9 எழுத்தோடு நின்றது. அதிலும் இரண்டு ஊமைகள். மறுகோடியில் நிற்பது ஃபேன்ஷா. 16 எழுத்துகளில் எழுதப்படும் அப்பெயரை ‘ஃபெதர்ஸ்டன்ஹா’ என்று முழுதாகச் சொல்லும் குடும்பத்தாரும் உண்டு.