ஆடுவது கீலா, அடிப்பலகையா?

என் பழைய ஃபைபர் படகில் பெட்டி மூடியின் கீல் பெயர்ந்து வந்துவிட்டது. புதுக் கீல் வாங்கி அதே துளையில் முடுக்கிவிடலாமா?
— வாசகர், கடலூர்

முடுக்கலாம். அடுத்த மழைக்குள் இதே கேள்வியை மறுபடி எழுதுவீர்கள்! பல் ஆடினால் ஈறைப் பார்க்க வேண்டும். ஃபைபர் தோலுக்கு நடுவே ஒட்டுப்பலகையோ பால்சா மரமோ இருந்தால், திருகுத் துளை வழியே தண்ணீர் இறங்கி அதை ஊறவைத்துவிடும். வளைந்த கம்பியால் துளைக்குள் சுரண்டுங்கள். கறுத்த ஈரத் தூள் வந்தால், கீல் நிரபராதி.

சுரண்டினேன், கறுப்புத்தான் வந்தது. இனி?
— அதே வாசகர்

மெத்தென்றான மரத்தையெல்லாம் நோண்டி எடுங்கள். நன்றாகக் காயவிடுங்கள், இதில் அவசரம் கூடாது. பிறகு கெட்டியாகக் கலந்த எபாக்ஸியால் குழியை நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் புதுத் துளை போடுங்கள். இனித் தண்ணீர் கசிந்தாலும் எபாக்ஸியோடு நின்றுவிடும், மரத்தைத் தொடாது. மூடியே பரவலாக மெத்தென்றிருந்தால் தோலைத் திறந்து பலகையையே மாற்ற வேண்டும்.

எவர்சில்வர் திருகுதான் போட்டேன். துரு வடிகிறதே!
— வாசகர், தூத்துக்குடி

எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது நிலைத்திருக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத ஈரத் துளைக்குள் படலம் அழியும். தலை பளபளக்க, உள்ளே தண்டு அரித்துப்போகும். கடலுக்கு 316 ரகம் கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, 304-இல் கிடையாது. காந்தம் வைத்து ரகம் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது.

பித்தளைக் கீல் அழகாக இருக்கிறது. போடட்டுமா?
— வாசகி, நாகப்பட்டினம்

வீட்டு அலமாரிக்குப் போடுங்கள். உப்புநீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை உறிஞ்சிவிடும். மிஞ்சுவது உதிரும் செம்பு. பித்தளை இளஞ்சிவப்பாக மாறினால் அதன் பலம் போய்விட்டது என்று பொருள். மரப்படகுக்குச் செம்பு நிறம் வேண்டுமானால் சிலிக்கான் வெண்கலம் வாங்குங்கள்.

அலுமினியப் படகில் எவர்சில்வர் கீலைச் சுற்றி வெள்ளைத் தூள் படிகிறது.
— வாசகர், இராமேஸ்வரம்

அது உங்கள் படகின் அலுமினியம்தான். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் மின்கலம் ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். கீலுக்கு அடியில் நைலான் தகடு, திருகுக்கு நைலான் வாஷர், மரைக்குக் காப்புப் பசை போட்டு இரண்டையும் பிரித்து வையுங்கள்.

பழைய திருகு அசையவே இல்லை. தலையும் தேய்கிறது.
— வாசகர், புதுச்சேரி

பலத்தைக் காட்டாதீர்கள். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, சூடான சால்டரிங் அயர்னைத் தலையில் வைத்து எடுங்கள். முதலில் இம்மியளவு முடுக்கி, பிறகு கழற்றிப் பாருங்கள்.

புதுக் கீல் இரண்டு போட்டும் மூடி பாதியில் இறுகுகிறது.
— வாசகர், பழவேற்காடு

இரண்டு கீலின் ஊசியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அவற்றின் மேல் நேரான கம்பியை வைத்துப் பார்த்துத் துளையிடுங்கள். பின்புறம் கை நுழையும் இடமென்றால் திருகு வேண்டாம். அகல வாஷரோ தகடோ கொடுத்து போல்ட், நட்டு போடுங்கள். துளையின் மேல் விளிம்பை லேசாகச் சரித்துவிட்டால் சீலன்ட் அங்கே வளையமாகத் தங்கி நீரை மறிக்கும். மூடி பின்னால் மடங்கி விழாமல் ஒரு கயிறும் கட்டுங்கள். அந்த நெம்புதலே பல கீல்களைப் பெயர்த்திருக்கிறது.

ஒரு சின்னக் கீலுக்கு இத்தனை பாடா?
— வாசகி, சென்னை

அலை ஏறும் நேரத்தில் தண்ணீர் உள்ளே புகாமல் தடுப்பது மூடி. அந்த மூடியைப் பிடித்திருப்பது கீல். படகில் ஆள் ஏறுகிறார் என்றால், இத்தனை பாடும் படத்தான் வேண்டும், அம்மா.