பீரங்கி உருட்டிய பகடை

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டம் 1974-இல் வந்தபோது, பாத்திரத்தின் பலமும் புத்தியும் மூன்று பகடையில் விழுந்ததுதான், சராசரி 10.5. 1979-இல் நான்கை உருட்டி, சின்ன எண்ணைத் தள்ளிவிடலாம் என்றார்கள், சராசரி 12.24-க்கு ஏறியது. விதியிடம் விட்டுவிட்டோம் என்ற பெருமை மட்டும் குறையவில்லை. இந்த வித்தைக்குக் கடலூர்தான் முன்னோடி. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் அதோடு சேர்த்தி. குண்டு எங்கே விழும், யார் கண்டது? சென்னை ஆளுநர் எலிஹு யேல் கண்டார். எட்டுவதும் எட்டாததும் சுடுகிறவன் கைத்திறனில் இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதியனுப்பினார். பெரிய பீரங்கியாகப் பார்த்துத் திசைதிசையாகச் சுட்டார்கள். கடலூர் உட்பட அகப்பட்டதெல்லாம் ‘குண்டு கிராமங்கள்’ ஆயின.

அது திறமை, பகடை அதிர்ஷ்டம், இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். எந்தப் பீரங்கி, எவ்வளவு மருந்து என்பதை வாங்குகிறவனே தீர்மானித்தால் அளவுகோல் அவன் கையில்தானே? நான்காவது பகடையும் அந்தக் கூடுதல் மருந்துதான். ஆனாலும் ஆட்டக்காரர்கள் மேல். மேசையில் இருக்கும் எல்லோருக்கும் அதே சலுகை. கடலூரில் சுட்டது ஒரு தரப்பு மட்டும். சிதம்பரம் தப்பியது நடராஜர் அருளாக இருக்கலாம். நாற்பது கிலோமீட்டர் சுடும் பீரங்கி அன்று கம்பெனியிடம் இல்லை.