ஒற்றுமைக்கு ஒரு நட்சத்திரம் போதும்

தேசிய ஒற்றுமையைக் காப்பது எப்படி என்று பாடம் படிக்க விரும்புகிறவர்கள் யாவுண்டேவுக்குத்தான் போக வேண்டும். கேமரூனின் தலைநகர் அது. கழித்தல் கணக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அறுபது வருடங்களாக ஒரு நாட்டை ஒன்றாக வைத்திருக்கும் மேதைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

1961 பிப்ரவரி 11-இல், பிரிட்டன் தன் வசமிருந்த தெற்குக் கேமரூன்ஸ் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. நைஜீரியாவோடு சேருகிறீர்களா, முந்தைய ஆண்டு பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற கேமரூனோடு சேருகிறீர்களா? தனியாகவே இருந்துகொள்கிறோம் என்று சொல்ல வழி வைக்கவில்லை. அடிமைப்பட்டவனுக்கு விடுதலை கொடுக்கும்போதுகூட, புது எஜமானைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் துரைமாருக்குத் தோன்றும். 2,33,571 பேர் கேமரூன் என்றார்கள். 97,741 பேர் நைஜீரியா என்றார்கள். அக்டோபரில் கூட்டாட்சி பிறந்தது. இரண்டு மாநிலங்கள், இரண்டு ஆட்சிமொழிகள், கொஞ்ச நாளில் கொடியிலும் இரண்டு நட்சத்திரங்கள்.

கூட்டாட்சியின் ஒருமைப்பாட்டைக் குலைக்கும் எந்தத் திருத்தமும் செல்லாது என்றது சாசனத்தின் 47-ஆம் பிரிவு. அதிபர் அஹ்மதூ அஹிஜோ சட்டத்தை மதிப்பவர். அதனால் சாசனத்தைத் திருத்தவில்லை. வாக்கெடுப்பு வைத்து அதைத் தூக்கியே போட்டுவிட்டார். 1972 மே 20: ஒற்றையாட்சிக்கு ஆதரவு 99.99 சதவீதம். மிச்சப் புள்ளி பூஜ்யம் ஒன்று, கை நடுங்கியவர்களாக இருக்கும். அந்த நாள்தான் இன்றுவரை தேசிய தினம். 1975-இல் கொடியின் ஒரு நட்சத்திரம் போனது. 1984-இல், அடுத்து வந்த அதிபர் பால் பியா, நாட்டின் பெயரிலிருந்த ‘ஐக்கிய’ என்பதையும் வெட்டி, 1960-இல் பிரெஞ்சுப் பகுதி தனியாக இருந்தபோது வைத்திருந்த பெயரையே திரும்பச் சூட்டினார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம் கழித்து மாப்பிள்ளை தன் பிரம்மச்சாரிக் காலத்து விசிட்டிங் கார்டை மறுபடி அச்சடித்த மாதிரி. இணைப்பின் பொன்விழா 2011-இல் வந்தது. அதை புயா நகரில் கொண்டாட அதிபருக்கு நேரம் கிடைத்தது 2014 பிப்ரவரியில்.

இந்தக் கணக்கில் கழிபட்டவர்கள் வடமேற்கு, தென்மேற்கு என்ற இரண்டு ஆங்கிலப் பகுதிகளில் இருக்கிறார்கள். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. 2016 அக்டோபரில் அவர்களுடைய வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்தார்கள். கேட்டதென்னவோ மிகச் சாதாரணம். பிரெஞ்சுச் சட்டம் படித்த நீதிபதியை எங்கள் நீதிமன்றத்தில் உட்கார வைக்காதீர்கள். நாங்கள் வாதாட வேண்டிய வணிகச் சட்டத்தை ஆங்கிலத்தில் கொடுங்கள். அடுத்து ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாசனம் இரண்டு மொழிக்கும் சம அந்தஸ்து என்று 1996-இலேயே எழுதிக்கொடுத்திருக்கிறது. அந்தச் சமத்தைத் தெருவில் இறங்கிக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது லத்தியும் கண்ணீர்ப்புகையும். வழக்கறிஞர்களின் அங்கியும் பொய்முடியும் போலீஸ் கையில் போயின. எல்லா நாட்டிலும் போலீசுக்கு ஒரே ஆட்சிமொழிதான்.

2017 ஜனவரி 17 அன்று இரண்டு பகுதிகளுக்கும் இணையம் துண்டிக்கப்பட்டது. ஒரே வாரத்துக்குள் ‘இருமொழி, பன்முகப் பண்பாட்டு மேம்பாட்டுக்கான தேசிய ஆணையம்’ உதயமானது. யாருடைய மனக்குறையைத் தீர்க்க ஆணையம் போட்டார்களோ, அவர்கள் அதைப் பற்றி இணையத்தில் படிக்க முடியாது. 93 நாள் கழித்துத்தான் இணைப்பு திரும்ப வந்தது. அதற்குள் கோரிக்கை மொழியைத் தாண்டிவிட்டது. மொழிபெயர்ப்புக் கேட்டவனுக்கு ராணுவத்தை அனுப்பினால், அடுத்த முறை அவன் நாடு கேட்பான். அக்டோபர் 1 அன்று ‘அம்பசோனியா’ என்ற தனிநாட்டை அறிவித்தார்கள்.

சரி, விடுதலை வீரர்கள் என்ன செய்தார்கள்? பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அரசைப் பணியவைக்கக் குழந்தைகளைப் பட்டினி போடுகிற வீரம் இது. வயிற்றுக்குப் பதில் மூளை, அவ்வளவுதான். திறந்த ஆசிரியரைக் கடத்தினார்கள். வாழைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன கூலிகளின் விரலை வெட்டினார்கள். திங்கள்கிழமைதோறும் ஊரடங்கு. அதற்கு உத்தரவு போடும் தலைவர்களில் பலர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அங்கே திங்கள்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டு. 2019-இல் யுனிசெஃப் சொன்ன கணக்குப்படி, பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எட்டரை லட்சத்துக்கும் மேல். இரண்டு ஆட்சிமொழிகளுக்காக நடக்கும் சண்டையில், இரண்டிலும் எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு தலைமுறை.

2020 பிப்ரவரியில் ங்கார்பு கிராமத்தில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். எரிபொருள் வெடித்தது என்றது அரசு. இரண்டு மாதம் கழித்து, சிப்பாய்கள்தான் கொன்றார்கள், மறைப்பதற்காக எரித்தார்கள் என்று அதுவே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் கும்பா நகரில் யாரோ வகுப்பறைக்குள் புகுந்து ஏழு குழந்தைகளைச் சுட்டுக் கொன்றார்கள். அரசு பிரிவினைவாதிகளைக் காட்டியது. அவர்கள் அரசைக் காட்டினார்கள். அந்தப் பள்ளியின் பெயரிலேயே ‘இருமொழி அகாதமி’ என்று இருக்கிறது. இதுவரை செத்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கேமரூன் மண்ணின் சொந்த மொழிகள் இருநூற்றைம்பதைத் தாண்டும். அவற்றில் ஒன்றுகூட ஆட்சிமொழி கிடையாது. ஆங்கிலப் பகுதிச் சந்தையில் மீன் விற்பதும் காதலிப்பதும் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலத்தில். அந்தப் பிட்ஜினைப் பேசாதே என்று புயா பல்கலைக்கழக வளாகத்திலேயே பலகை வைத்திருந்தார்கள். லண்டன் விட்டுப்போன மொழிக்கும் பாரிஸ் விட்டுப்போன மொழிக்கும் நடக்கும் போரில் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

பேச்சுவார்த்தையும் நடந்தது, நடக்காமல் இல்லை. அம்பசோனியத் தலைவர்களை நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஒரு ஹோட்டலில் பிடித்து, நாடு கடத்திக் கொண்டுவந்து, 2019 ஆகஸ்டில் ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த மாதக் கடைசியில் ‘மாபெரும் தேசிய உரையாடல்’ தொடங்கியது. எதிராளியை உள்ளே பூட்டிவிட்டால் உரையாடல் சுமுகமாகத்தான் போகும். முடிவில் இரண்டு பகுதிகளுக்கும் ‘சிறப்பு அந்தஸ்து’ தந்தார்கள். ஆளுநரை மட்டும் முன்போலவே அதிபர் நியமிப்பார்.

2023 ஜனவரியில் கனடா வந்தது: அமைதிப் பேச்சுக்கு இரு தரப்பும் சம்மதம், நாங்கள் துணை நிற்கிறோம் என்று அறிவித்தது. அதே ஆங்கிலமும் பிரெஞ்சும் அங்கேயும் ஆட்சிமொழிகள். கியூபெக் மாகாணத்தை இரண்டு முறை பிரிவினை வாக்கெடுப்புக்கு விட்ட நாடு. 1995-இல் பிரிவினை வேண்டாம் என்றவர்கள் வெறும் 50.58 சதவீதம். அப்படியும் உடையவில்லை. மூன்றே நாளில் யாவுண்டேவிலிருந்து பதில் வந்தது: எந்த வெளிநாட்டையும் நாங்கள் நடுவராகக் கூப்பிடவில்லை. 99.99 பார்த்த கண்ணுக்கு 50.58 எல்லாம் ஒற்றுமையாகத் தெரியுமா என்ன?