எந்தப் பூமி?

அமெரிக்காவில் விண்வெளித் தொடர் பார்ப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. அலுவலகத்தில் பரம சாது. கெடு தேதிக்கு முன்பே வரி கட்டிவிடுகிற ஆள். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் கிட்டே யாரும் நெருங்கக்கூடாது. இந்த ரகத்தை உச்சகட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டால் 2008 ஜூன் 13-க்குப் போக வேண்டும். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வின் நாலாவது சீசனைப் பாதியில் நிறுத்திய இரவு அது.

தாங்களே உண்டாக்கிய சைலான் இயந்திரங்களிடம் செம அடி வாங்கிய மனிதர்கள், மிஞ்சிய கப்பல்களோடு பூமியைத் தேடி அலைகிறார்கள். கதை அவ்வளவுதான். வருஷக்கணக்காக அலைந்தவர்கள் அன்றைக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தேவிட்டார்கள். கப்பல் முழுக்க ஆட்டம், அழுகை, கட்டிப்பிடிப்பு. நம்மவரும் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அட்மிரல் அடாமா குனிந்து ஒரு பிடி மண் அள்ளுகிறார். கதிர்வீச்சுக் கருவி டிக்டிக்கென்று அடித்துக்கொள்கிறது. சாம்பல் பூத்த வானம், இடிந்து கிடக்கும் நகரம். முடிந்தது. மிச்சம் அடுத்த வருஷம்.

பையிலிருந்து எடுத்த சிப்ஸ் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நிற்கிறது. பிறகு எழுந்த அலறலில், தூங்கிக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்தார்.

“என்ன ஆச்சு? யார் செத்தது?”

“பூமி.”

“எந்தப் பூமி?”

“அதானே எனக்கும் தெரியலை!”

அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தவர்தான். பதிவை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். முந்தைய சீசன் கடைசியில் காட்டிய பூமியில் வட அமெரிக்கா பளிச்சென்று தெரிந்தது. இதிலோ ஒரே மேகம். கண்டம் எதுவும் பிடிபடவில்லை. ஆக, இது நம் பூமியே இல்லை! விடிவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

காலையில் கோபம் ஆள் தேடியது. 2007 நவம்பர் 5-லிருந்து மறு வருஷம் பிப்ரவரி 12 வரை கதாசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள்; தொடர் பாதியில் நின்ற பழி அவர்கள் தலையில் விழுந்தது. தொழிற்சங்கம் என்றால் உயிரை விடுகிற மனிதர், அன்று ஒருநாள் முதலாளி கட்சிக்குத் தாவினார். “இனி இந்தத் தொடரைப் பார்த்தால் ஏனென்று கேள்” என்று சபதம் வேறு. மத்தியானமே தயாரிப்பாளர் ரொனால்ட் மூரின் பாட்காஸ்ட் காதில் ஓடியது. மூர் விஸ்கி குடித்துக்கொண்டே பேசுகிறவர். “இந்த இடத்தில் ஏன் நிறுத்தினான்? எதையோ மறைக்கிறான்!” என்றார் நம்மவர். தொண்டை காய்ந்திருக்கலாம் என்று யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

அடுத்தது, கடைசிவரை யாரென்று காட்டாமல் ஒளித்துவைத்த ஐந்து சைலான்களில் ஐந்தாவது ஆள். மனித உருவில் 12 மாதிரிகள் என்பது அன்றைய கணக்கு. 11 தெரிந்துவிட்டது, மிச்சம் ஒன்று யார்? ஒரு நோட்டுப் போட்டுப் பெயர் எழுதினார், அடித்தார், எழுதினார். இயேசுவின் கடைசி விருந்து ஓவியம் போல நடிகர்களை உட்கார வைத்து எடுத்த விளம்பரப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் துழாவினார். சாப்பாட்டு மேஜையில் மனைவி உப்பை எடுத்துத் தரத் தாமதித்தால், அவரையும் ஒரு மாதிரி பார்த்தார். இதையெல்லாம் வேதனை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஏழு மாசம் போலச் சந்தோஷமாக அவர் என்றைக்கும் இருந்ததில்லை.

2009 ஜனவரி 16 அன்று விடை வந்தது: எல்லன் டை. மூன்றாவது சீசனில் புருஷன் கையாலேயே விஷம் குடித்துச் செத்தவள். ‘காலமானார்’ என்று நோட்டில் முதல் பக்கத்திலேயே அடிக்கப்பட்ட பெயர். “நான் அப்பவே நினைச்சேன்” என்றார், கண்ணிமைக்காமல்.

மார்ச் 20 அன்று தொடர் முடிந்தபோதுதான் அதிசயம் நடந்தது. கதிர்வீச்சில் கருகியது வேறொரு பூமி, நம்முடையது இன்னொன்று என்று கதையே ஒப்புக்கொண்டது! ஏழு மாசத்தில் அவர் சொன்ன நூறு ஜோசியத்தில் பலித்தது இது ஒன்றுதான். எங்கேயாவது அவரைச் சந்தித்தால் கலாக்டிகா பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள், மேகத்திலிருந்து ஆரம்பிப்பார்.