தலைபோகிற அவசரத்துக்குத் தனிக் கட்டணம்

அப்பாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். இந்திய ரயில்வேக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. பேரம் பேச முடியாத ஆள் ஒருவர் சிக்கிவிட்டார்.

பொருளாதாரப் பாடத்தில் நுகர்வோர் உபரி என்று ஒன்று உண்டு. ஆயிரம் ரூபாய் கொடுக்கவும் தயாராக இருந்த உங்களுக்கு 400 ரூபாய்க்கு டிக்கெட் கிடைத்தால், மிச்சமாகும் அந்த 600 ரூபாய் நிம்மதிக்குப் பெயர் அது. அப்படி ஒன்று உங்கள் சட்டைப் பையில் இருப்பது உங்களுக்கே தெரியாது. ரயில்வேக்குத் தெரிந்துவிட்டது.

1997-ல் தட்கால் வந்தது. அவசரக்காரர்களுக்கு உதவியாம். காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நிற்கும்போது வெயிட்டிங் லிஸ்ட் வந்திருக்கும். உறுதியான தட்காலை ரத்து செய்தால் காலணா திரும்பாது. இடமே கிடைக்காத வெயிட்டிங் லிஸ்ட்டுக்கும் தலைக்கு 60 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். எதற்கு? உங்களை ஏற்றாமல் போன சிரமத்துக்கு.

அதுவும் போதவில்லை. 2014-ல் பிரீமியம் தட்கால். இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறும். அதே ரயில், அதே பெர்த், அதே கரப்பான்பூச்சி. தியேட்டர் வாசலில் இதைச் செய்பவனைப் போலீஸ் பிடிக்கும். அரசாங்கம் செய்தால் அது திட்டம்.

இருக்கிறவனிடம் கூடுதலாக வாங்கி இல்லாதவனுக்குக் குறைத்துக் கொடுப்பதுதானே ஆளுக்கொரு விலை வைக்கும் இந்த வித்தையின் நியாயம் என்பார்கள் படித்தவர்கள். சரி. இருக்கிறவன் எங்கே? மேலே பறந்துகொண்டிருக்கிறான். கீழே சிக்குவது யார்? மாரடைப்பையும் இன்டர்வியூவையும் இரண்டு மாதம் முன்னாலேயே திட்டமிடத் தெரியாத சோம்பேறிகள்.

2016 செப்டம்பரில் ராஜ்தானி, சதாப்தி, துரந்தோ ரயில்களிலும் விளையாடிப் பார்த்தார்கள். பத்து சதவீத இடம் விற்றால் பத்து சதவீதக் கட்டண உயர்வு. உச்சமாக ஒன்றரை மடங்கு. காசு கூடியது, கூட்டம் குறைந்தது என்று கணக்குத் தணிக்கையாளரே எழுதினார். 2018-ல் சில ரயில்களை மட்டும் இதிலிருந்து விடுவித்து, மற்றவற்றில் உச்சத்தைக் கொஞ்சம் இறக்கினார்கள். காலி இருக்கைகள் சொன்னால்தான் காது கேட்கிறது.

ஜூல் துப்புய் என்றொரு பிரெஞ்சுப் பொறியாளர். நுகர்வோர் உபரிக் கணக்கின் முன்னோடி. மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாததற்குக் காரணம் செலவல்ல என்று 1849-லேயே போட்டு உடைத்தார். ஏழையை நனையவிடுவது, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான். நம் அன்ரிசர்வ்டு பெட்டிக்குக் கூரை இருக்கிறது. கால் வைக்கத்தான் இடமில்லை. பல ரயில்களில் ஸ்லீப்பர் பெட்டியைக் குறைத்து மூன்றடுக்கு ஏசியை மாட்டியபோது, துப்புயைப் படித்தவர் யாரோ ரயில்வே வாரியத்தில் இருக்கிறார் என்ற சந்தேகம் எனக்கு வந்தது.

மேல்நோக்கிய இந்தச் சாமர்த்தியமெல்லாம் கீழ்நோக்கித் திரும்பினால் என்ன ஆகும்? ஆகியிருக்கிறது. 60 வயது நிரம்பிய ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயது நிரம்பிய பெண்களுக்கு 50 சதவீதம் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது. சலுகை திரும்பவில்லை. 2024-ல் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, எல்லாப் பயணிகளுக்குமே சராசரியாக 46 சதவீதச் சலுகை தருகிறோமே என்றார் ரயில்வே அமைச்சர். வாங்கும்போது ஆளுக்கு ஆள், நிமிஷத்துக்கு நிமிஷம் வேறு விலை. கொடுக்கும்போது மட்டும் சராசரி.

இத்தனைக்கும் டிக்கெட் எடுக்கும்போது வயதைக் கேட்காமல் விடுவதில்லை. 74 என்று பாட்டி சொன்னால் கம்ப்யூட்டர் பதிந்துகொள்கிறது. கீழ் பெர்த் கொடுப்பதற்காகவாம். இருந்தால்.