மொட்டைமாடி மின்வாரியம்

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிற மின்வாரியத்தோடு கோபித்துக்கொண்டு, மொட்டைமாடியில் 1 கிலோவாட் சோலார் போட்டேன். கிரிட்டோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால் மத்திய அரசின் மானியமும் இல்லை.

"வெயிலுக்கு ஏது சார் பில்?" என்றார் பேனல் மாட்ட வந்தவர். வெயிலுக்கு இல்லைதான், அதைப் பிடித்துவைக்கிற பேட்டரிக்கு உண்டு. 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி இரண்டு. ஏட்டுக் கணக்கில் 3.6 யூனிட். பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையுமாம். ஆக, கைக்கு வருவது 1.8. ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினாலே மூச்சு வாங்கும்.

அன்றுமுதல் வீட்டில் நானே மின்வாரியம். "மேகம் மூடியிருக்கு, மிக்சியைப் போடாதே" என்று அறிவிப்பு விடுகிறேன். பேட்டரிக்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் அபிஷேகம். வடாம் காயவைக்கிற இடத்தைப் பேனல் ஆக்கிரமித்துவிட்டதாக மனைவியின் நிரந்தரப் புகார் வேறு. பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையின் நிழல் பேனலில் ஒரு சாண் விழுந்தாலும் எனக்குப் படபடப்பு.

முன்பெல்லாம் கரண்ட் போனால் திட்டுவதற்கு ஓர் ஆபீஸ் இருந்தது. இப்போது கண்ணாடி முன்னால் நின்றுதான் திட்ட வேண்டியிருக்கிறது, அதுவும் இருட்டில்.