மெலிநீர் இலக்கணம், உரையுடன்

குழாய்நீர் இரு திறப்படும்: வராதது, வந்தும் வராதது. வராத நீருக்கு வடசென்னையில் தனியே நூல் செய்யத் தேவையில்லை. காலிக் குடங்களைச் சாலையில் வரிசையாக வைப்பது, லாரிக்கு போன் போடுவது, கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பது என்று அதற்குரிய சடங்குகளை முன்னோர் வகுத்துவிட்டார்கள். அவை இன்றும் வழுவின்றி நடக்கின்றன. வந்தும் வராத நீர்தான் இந்நூலின் பொருள். குழாயைத் திறந்தால் விரல் தடிமன்கூட இல்லாமல் சுவரோடு ஒட்டி இறங்கும். வாளி நிறைவதற்குள் டிவி சீரியலில் ஒருத்தி அழுது முடித்திருப்பாள். இதற்கு மெலிநீர் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

நூல் என்றால் எல்லை சொல்ல வேண்டும். தெற்கே ராயபுரம் கல்மண்டபம், வடக்கே எண்ணூர் முகத்துவாரம், கிழக்கே கடல், மேற்கே மணலி ஆலைகளின் புகைபோக்கிகள். கேட்போர் யார் எனின், பின்கட்டில் மாட்டுக் கொட்டாயோ, வலை போட்டுவைக்கும் கொட்டகையோ, லேத்துப் பட்டறையோ வைத்துக்கொண்டு, முன்கட்டில் நன்றாக விழும் தண்ணீர் பின்கட்டுக்குப் போவதற்குள் ஏன் செத்துப்போகிறது என்று விழிப்போர். பயன், மோட்டார் வாங்கும் காசு மிச்சம்.

தொகையாகச் சொன்னால் மெலிவு ஒன்றே. வகையாகச் சொன்னால் நான்கு: பிறவி மெலிவு, வழி மெலிவு, காற்று மெலிவு, களவு மெலிவு. "எல்லாம் மோட்டார் பத்தாததுதான் சார்" என்று ஒன்றாக அடக்குவர் பிளம்பருள் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னையெனின், மோட்டார்க் கடைக் கமிஷன் இலக்கண வாதம் ஆகாது.

பிறவி மெலிவாவது, புறப்படும் இடத்திலேயே உயரம் போதாமை. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால் அடியில் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். ஒரு மீட்டர் நின்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. இதில் வேறு மந்திரம் இல்லை. நம் நிலமோ தட்டை. கடலுக்குச் சில மீட்டர்தான் மேலே. 1772இல் ஏழு கிணறு திட்டம் வந்தபோது கிணறுகள் கருப்பர் நகரத்தின் வடக்கில் இருந்தன, தண்ணீர் தெற்கே ஆங்கிலேயர் கோட்டைக்குப் போனது. வடக்கின் தண்ணீருக்குத் தெற்கே பார்த்த ஓட்டம் அன்றே பழகிவிட்டது என்று இவ்வுரைகாரர் கருதுவர். 1872இல் புழல் ஏரித் தண்ணீரைக் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914இல் அங்கே வடிகட்டும் படுகைகளும் நீரேற்றும் இயந்திரங்களும் வந்தன. அந்த வேலையை நடத்திய பொறியாளர் மேட்லியின் பெயரில் தியாகராய நகரில் ஒரு சாலை இருக்கிறது. குடிநீர் வாரியம் 1978இல் பிறந்தது. திருவொற்றியூருக்கு 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்து முதல் மண்டலம் என்ற எண்ணும் கிடைத்தது. எண் ஏறியது, தண்ணீர் ஏறவில்லை.

ஈண்டு ஒரு வியப்பு. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கடல்நீரை அங்கே உப்பைப் பிரிக்கும் சவ்வுக்குள் தள்ள அறுபது பார் அளவில் அழுத்தம் வேண்டும். அதாவது அறுநூறு மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீரின் பலம். அப்படிப்பட்ட வீரத்தோடு பிறக்கும் நீர், குழாய்க்குள் பல கிலோமீட்டர் நடந்து நம் தெருவுக்கு வரும்போது முழங்கால் உயரம் எழும்ப முடியாமல் மூச்சுவாங்குகிறது.

முழங்கால் என்றது மிகை அன்று, அளவை. கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூபைத் தெருக்குழாயின் வாயில் செருகிக் கம்பியால் கட்டுக. டியூபை நேராகத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் விடுக. உள்ளே தண்ணீர் ஏறி ஓரிடத்தில் ஆடி நிற்கும். அந்த இடம்தான் உங்கள் தெருவின் அழுத்தம். அதற்கு மேலே வைத்த எந்தக் குழாயும் அலங்காரமே. இதை டியூபின்றியே உணர்ந்தவர்கள் வாசலில் குழி தோண்டி, படியிறங்கி, குழாயைத் தரைக்குக் கீழே வைத்தார்கள். மற்றவர்கள் அடிபம்பு வைத்தார்கள். இந்த அடிபம்பைத் தெருமுனையில் நிற்கும் இந்தியா மார்க் 2 உடன் மயங்கற்க. அது ஆழ்துளைக் கிணற்றில் இறங்குவது; இது வாரியத்தின் குழாயிலிருந்தே உறிஞ்சுவது. விடியற்காலை மூன்று மணிக்கு "யக்கா, பம்புல தண்ணி வந்துருச்சா?" என்ற குரல் கேட்டால் அது இந்த இரண்டாம் இனம்.

இனி வழி மெலிவு. நூலின் நெஞ்சு இதுதான். ஊரில் பாதி வழக்கு இதில் அடங்கும்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு வீட்டைக் கொள்க. முன்கட்டு மாடியில் டேங்க். பின்னால் நூறடி தள்ளி மாட்டுக் கொட்டாய். இடையே அரை இஞ்சு குழாய். டேங்க் தண்ணீர் கொட்டாய்க் குழாயைவிடப் பத்தடி உயரத்தில் நிற்கிறது. குழாயை மூடி அழுத்தம் பார்த்தால் குறை இல்லை. திறந்தால் போய்விடுகிறது. "மூடியிருக்கும்போது உள்ள அழுத்தம் திறந்தால் எங்கே போகிறது?" எனின், குழாயின் சுவரோடு உரசியே செலவாகிறது. புதுக் குழாயாக இருந்து வளைவுகளும் இல்லாவிட்டால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வரலாம். பழைய ஜி.ஐ. குழாயானால் அதில் பாதி. ராயபுரத்து உப்பு போர்த் தண்ணீர் சில வருடம் ஓடிய ஜி.ஐ. குழாயை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளியே அரை இஞ்சு, உள்ளே துரு கட்டி கட்டியாக ஏறிப் பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம்.

விட்டம் இரட்டித்தால் நீர் இரட்டிக்கும் என்பார் ஒரு சாரார். பரப்பு நான்கு மடங்காவதால் நான்கு என்பார் பிறிதொரு சாரார், இவர் பள்ளியில் கணக்கு படித்தவர். இருவரும் பிழைத்தனர். அதே உயரத்தில், அதே தூரத்தில், விட்டம் இரட்டித்தால் ஏறக்குறைய ஆறு மடங்கு நீர் வரும். அகலமான குழாயில் சுவரோடு உரசும் பங்கு குறைந்துவிடுவதே காரணம். ஆகவே டேங்கிலிருந்து கொட்டாய் வரை ஒரு இஞ்சு போட்டு, குழாய் வாயில் மட்டும் அரை இஞ்சாகக் குறைப்பது முறை. நம்மவர் செய்வது தலைகீழ்: கண்ணுக்குத் தெரியும் முனையில் ஒரு இஞ்சுப் பித்தளைக் குழாய், மண்ணுக்குள் நூறடிக்கு அரை இஞ்சு.

வழி மெலிவின் ஓர் உட்பிரிவு கேட் வால்வு. அதன் சக்கரத்தைத் திருப்புக. கை முழுக்க இலேசாகச் சுற்றிக்கொண்டே போகிறதா, முடிவில் இறுகும் உணர்வே இல்லையா? அப்படியானால் உள்ளே தண்டிலிருந்து தகடு கழன்று வழியில் பாதி விழுந்து கிடக்கிறது. சக்கரம் திறந்திருக்கிறது என்று சொல்லும், தகடு சொல்லாது. கழற்றி எறிந்துவிட்டு, கால் சுற்றில் திறந்து மூடும் பால் வால்வு போடுக. பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல், வாதத்துக்கு இடமில்லை.

காற்று மெலிவு சிறிது. டேங்கிலிருந்து வரும் குழாய் சுவர் ஏறி மறுபக்கம் இறங்கினால், ஏறிய மேட்டில் காற்று தங்கும். தண்ணீர் அதைத் தள்ளப் பலமின்றி நிற்கும். மேட்டில் டீ இணைப்பு போட்டு ஒரு துண்டுக் குழாயை டேங்க் மட்டத்துக்கு மேலே நீட்டி வாயைத் திறந்துவிடுக. பிளம்பர் இதை "ஏர் புடிச்சிருக்கு" என்பர், நூலாரும் உடன்படுவர்.

களவு மெலிவு பக்கத்து வீட்டு மோட்டார். வாரியத்தின் குழாயில் நேராக மோட்டார் வைப்பது சட்டப்படி குற்றம். ஒருவன் வைத்தால் அடுத்தவனுக்கு வராது, அவனும் வைப்பான், முடிவில் தெருவே மோட்டார் வைத்து எல்லோருக்கும் பழைய அளவே வரும், மின்கட்டணம் மட்டும் மிகும். இதனினும் கொடியது ஒன்று: உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடத் தாழும். பக்கத்தில் ஓடும் சாக்கடை, இணைப்பின் விரிசல் வழியே உள்ளே வரும். பிறகு அந்தத் தண்ணீரின் மெலிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நாற்றத்தைப் பற்றியே பேசுவர்.

அற்றேல், குழாயை மாற்றவும் காசில்லை, மோட்டாரும் கூடாது எனின் செய்வது யாது? விடை: கொட்டாயில் ஒரு பீப்பாய். பால் கறக்கும் மாடு ஒன்று நாளைக்கு ஐம்பது, அறுபது லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூட. கொட்டாய் கழுவத் தனி. எல்லாத் தண்ணீரும் காலை ஐந்து மணிக்கே ஓடிவர வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் குழாயைத் திட்டுகிறோம். நிமிடத்துக்கு இரண்டே லிட்டர் தரும் மெலிந்த குழாய் எட்டு மணிநேர இரவில் 960 லிட்டர் தந்துவிடும். முன்கட்டு டேங்கில் அவ்வளவு தண்ணீர் இருந்தால் போதும். கொட்டாயில் ஐந்நூறு லிட்டர் பீப்பாயை இரண்டு வரிசைக் கல்மேல் ஏற்றி, வாயில் மிதவை வால்வு வைத்து, அடியில் ஒரு இஞ்சுக் குழாய் எடுத்துவிட்டால் காலையில் வாளி சட்டென நிறையும். குழாய் அதே குழாய்தான். வாரியம் நமக்குச் சம்பு கட்டச் சொன்னதும் இதே நியாயத்தில்தான்; நாம் அதை வாசலோடு நிறுத்திக்கொண்டோம்.

புறனடை: மேற்கூறியவற்றுள் அடங்காத மெலிவும் உண்டு. குழாய் வாயின் சல்லடையில் மணல் அடைத்தது அவற்றுள் ஒன்று. நூலைப் படிக்கும் முன்பே அதைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். பீப்பாயின் அடிக்குழாயில் வைக்கோல் போய் அடைப்பது மற்றொன்று. இதற்கு மூடி போடுக. மூடிமேல் ஒரு கல்லும் வைக்க, மாடு மூக்கால் தள்ளும்.